மூன்று என்றால் மரம்

சியாத்துராவில் மலையைக் குடைந்து மாங்கனீசு எடுக்கிறார்கள்.
சன்னல் விளிம்பில் படிந்த கரியைத் துடைத்துவிட்டுத்தான்
இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் தொடங்குவேன்.
எட்டு வருடம் முன்புவரை நான் ரஷ்ய மொழி ஆசிரியை.
படிக்க ஆளில்லாமல் போனதும்
மூன்று மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ்,
பெட்டி நிறையப் பட அட்டைகள்.
என் ஆங்கிலம் இவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகளுக்கு மெய்யெழுத்தென்றால் பயமில்லை.
பயிற்சியாளர் என்பதற்கு ஜார்ஜிய மொழியில்
நடுவில் ஓர் உயிர்கூட இல்லாமல்
ஆறு மெய்கள் முட்டிக்கொண்டு நிற்கும்.
ரொட்டியைப் பிட்டு விழுங்குகிற மாதிரி சொல்லிவிடுவார்கள்.
தொண்டைக்கடியில் தவளை கத்துகிற எழுத்தும் உண்டு.
அது கைக்குழந்தைக்கே வரும்.
ஆனால் 'மூன்று பூனை' என்று ஆங்கிலத்தில் கேட்டால்
'மரம் பூனை' என்கிறார்கள்.
'நான் எண்ணுகிறேன்' என்பதற்கு
வகுப்பே சேர்ந்து
'நான் மூழ்குகிறேன்' என்கிறது.

நாக்கின் நுனியைப் பல்லுக்கு நடுவே வையுங்கள், என்றேன்.
கொஞ்சம் வெளியே தெரியட்டும். இப்போது ஊதுங்கள்.
ஒருவரும் ஊதவில்லை.
ஜும்பேர் எழுந்தான்.
"டீச்சர் முன்னால் நாக்கை நீட்டினால்
அம்மாவிடம் சொல்லிவிட மாட்டீர்களே?"

என் கைப்பைக் கண்ணாடி இருபத்தொரு வாய்களைச் சுற்றி
எச்சில் புள்ளிகளோடு திரும்பி வந்தது.
மரம். மரம். மரம்.
ஒரு தோப்பே வளர்ந்த பிறகு
கடைசி வரிசையிலிருந்து, மெல்லிய காற்றாய்,
மூன்று.

பிக்ரியா.
எங்கள் மொழியில் எண்ணம் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்.
மேலே முன்பல் இரண்டும் போன வாரம் விழுந்திருந்தன.
திறந்து கிடந்த வாசலில்
நாக்கு தானாக வந்து நின்றது.
லண்டனில் பிறந்தவள்போல் எண்ணினாள், எண்ணினாள்.
(சூரியனும் ஆறாம் எண்ணும் அதே சந்தில் புகுந்து
வேறு ஏதோவாக வெளியே வந்ததை
அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.)

மறுநாள் மாலை ஜும்பேரின் தாய் தொலைபேசினார்.
"பல்லில் நூலைக் கட்டி
மறுமுனையைக் கதவுப் பிடியில் முடிந்துவிட்டு
யாராவது கதவைச் சாத்துங்கள் என்று நிற்கிறான்.
ஆங்கில வீட்டுப்பாடமாமே?"

எனக்கு இது முப்பத்தொன்பதாம் வயதில் வந்த ஓசை.
சுரங்கத் தொழிலாளர்களோடு கேபிள் காரில் ஏறி
ஆற்றுக்கு மேலே தொங்கும்போது பழகியது.
எதிரே இருந்தவர் ஒருநாள்
சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து சோளரொட்டி பிட்டு நீட்டினார்.
நாக்கை நீட்டினால் பசி என்று நினைத்திருக்கிறார்.
வாங்கித் தின்றேன். வேறென்ன சொல்ல?

ஈஸ்டர் விடுமுறை முடிந்தது.
பிக்ரியாவுக்குப் பற்கள் முளைத்துவிட்டன,
ரம்பம்போல் விளிம்பு, முகத்துக்குப் பெரியவை.
சூரியன் சரியாக உதித்தது. ஆறு ஆறாகவே வந்தது.
ஆனால் ஐந்து, நான்கு என்று இறங்கியவள்
மரத்தில் முட்டி நின்றாள்.
இன்னொரு முறை. மரம்.
கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் மேசையைச் சுற்றி வருவதற்குள்
ஜும்பேர் என் கைப்பையைத் திறந்து
(கேட்காமல்தான், அதைப் பிறகு பேசினேன்)
கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.
"வாசல்தான் சாத்தியிருக்கு.
நீ வெளியே வந்து நில்" என்றான்.
அவன் நூல்கட்டிய பல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
கண்ணாடியில் முதலில் மூச்சு படிந்தது.
பிறகு ஒரு சின்ன இளஞ்சிவப்பு நுனி,
புதுப் பல்லின் விளிம்பைத் தொட்டு,
கூசி உள்ளே போய்,
மறுபடி வந்தது.

அன்றைய குறிப்பேட்டில்
பாடம் முடிந்த பக்கம் என்ற கட்டத்தில்
பதினான்கு என்றே எழுதியிருக்கிறேன்.
சென்ற வாரமும் பதினான்குதான்.